சாவி கொடுக்க ஒரு மேனேஜர் போதும்

வேலூர் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்தால், தமிழ்ப் பலகைக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்துப் பலகையும் தொங்கும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களை நம்பி வரிசையாக லாட்ஜுகள். காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கி, மூட்டை முடிச்சோடும் மெடிக்கல் ஃபைலோடும் வந்து நிற்கிற குடும்பம் கேட்கிற முதல் கேள்வி, ‘ரூம் இருக்கா?’ மேனேஜர் நோட்டைப் புரட்டுவார். ‘203 காலி. மூணு நாளைக்குத் தரேன். மேலே வேணும்னா முன்னாடியே சொல்லிடுங்க.’ நோட்டில் பெயரும் அறை எண்ணும் தேதியும் ஏறும். சாவி கை மாறும்.

உங்கள் போன் வைஃபையில் சேரும் ஒவ்வொரு முறையும் இதே பேச்சு நடக்கிறது. என்ன, கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ‘இங்கே மேனேஜர் யாராவது இருக்கீங்களா?’ என்று போன் கூவும். ‘இருக்கேன். 192.168.1.37 காலி’ என்று ஒரு பெட்டி பதில் சொல்லும். ‘அதையே எடுத்துக்கறேன்.’ ‘சரி, எழுதிட்டேன். ஒரு நாளைக்கு அது உன்னுது.’ இந்த நாலு வரிப் பேச்சுக்கு டைனமிக் ஹோஸ்ட் கான்ஃபிகரேஷன் புரோட்டோகால் என்று பெயர். சுருக்கமாக டி.ஹெச்.சி.பி. அந்த 192.168.1.37 என்பதுதான் ஐ.பி. முகவரி. லாட்ஜில் தங்கியிருப்பவர் கெடு முடியும் முன்பே ரிசப்ஷனுக்குப் போய் நாளை நீட்டிக்கொள்வதுபோல, போனும் பாதி நேரம் கழிந்ததுமே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். நீங்கள் யூடியூப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பின்னால் இது நடப்பதே தெரியாது.

முன்பெல்லாம் இப்படி இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு ஆள் போய் உட்கார்ந்து, எண்ணைக் கையால் அடிக்க வேண்டும். எந்த எண் யாருக்கு என்பது ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டு தொலைந்தால் அலுவலகமே திண்டாடும். 1985-ல் பூட்பி என்ற முறை வந்து வேலையைப் பாதியாகக் குறைத்தது. 1993 அக்டோபரில், அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய விதிமுறையாக டி.ஹெச்.சி.பி. வெளியானது. 1997-ல் திருத்தி வெளியிட்ட வடிவம்தான் அடிப்படையில் இன்றைக்கும் ஓடுகிறது. சென்னையில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். அதாவது, இங்கே கூட்டம் வருவதற்கு முன்பே லாட்ஜுக்கு மேனேஜர் வந்துவிட்டார்.

வீட்டில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பத்துப் போன், ஒரு டி.வி., ஒரு லேப்டாப். ரவுட்டரே மேனேஜர். கொஞ்சம் பெரிய இடம் என்றால்தான் விவகாரம்.

வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போனால் ஆம்பூர். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலின் வரிசை இன்னமும் ஒன்றுதான், பாலாறும் ஒன்றுதான். வெளியூர்க்காரர்களுக்கு ஆம்பூர் என்றால் பிரியாணி. ஊர்க்காரர்களுக்கு அது ஷிஃப்ட் பஸ். காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து ஷூ கம்பெனி வாசலில் இறங்குவார்கள்.

அப்படி ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசலில் விரல் வைக்கும் வருகைப் பதிவு மெஷின். கட்டிங் பிரிவில் தோலை வெட்டும் கம்ப்யூட்டர் மெஷின். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு பார்கோடு ஒட்டும் பிரிண்டர். கூரையெங்கும் கேமரா. அலுவலகத்தில் முப்பது கம்ப்யூட்டர். இதுபோக எல்லோர் பையிலும் போன். எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு எண் வேண்டும். எல்லாக் கேபிளும் வந்து சேரும் இடம் ஸ்விட்ச். விளக்கு போடும் ஸ்விட்ச் இல்லை. ரேக்கில் 24 ஓட்டையோடு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்குமே, அது. அதில் விலை குறைந்த வகை, வந்ததை வாங்கி அனுப்பும், கேள்வி கேட்காது. மேனேஜ்டு ஸ்விட்ச் என்பது சொன்னபடி கேட்கும் வகை. எந்த ஓட்டையில் யார், எந்த எண் யாருக்கு, யார் யாரோடு பேசலாம் என்பதையெல்லாம் அதற்குச் சொல்லிவைக்கலாம். எண் கொடுக்கும் மேனேஜராகவும் அதையே உட்காரவைக்கலாம். எல்லா மாடலிலும் இந்த வசதி இருக்காது. சிலவற்றில் ‘மேனேஜர் அந்த மாடியில் இருக்கார்’ என்று வழிகாட்டும் வசதி மட்டும் இருக்கும். வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

அந்தக் கற்பனைக் கம்பெனியில் ஒருநாள். பேக்கிங் பிரிவில் சிக்னல் சரியில்லை என்று சூப்பர்வைசர் ஒருவர் தன் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து, சுவரில் இருந்த ஓட்டையில் செருகுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ரவுட்டருக்குள்ளும் ஒரு மேனேஜர் இருக்கிறார். இனி யாராவது ‘ரூம் இருக்கா?’ என்று கேட்டால் இரண்டு பேர் பதில் சொல்வார்கள். பெரும்பாலும் முதலில் பதில் சொன்னவர் சாவிதான் செல்லும். லாட்ஜ் வாசலில் யாரோ ஒருவர் உட்கார்ந்துகொண்டு, இல்லாத அறைக்குச் சாவி கொடுத்தால் எப்படி இருக்கும்? அரை மணி நேரத்தில் பார்கோடு பிரிண்டர் நிற்கிறது. அலுவலகத்தில் பாதி கம்ப்யூட்டர்களுக்கு நெட் இருக்கிறது, பாதிக்கு இல்லை. பி.எஸ்.என்.எல். லைன் போய்விட்டது என்கிறார் ஒருவர். வைரஸ் என்கிறார் இன்னொருவர். துறைமுகத்துக்குப் போகவேண்டிய லாரி வாசலில் நிற்கிறது. சூப்பர்வைசருக்கு மட்டும் வைஃபை பிரமாதமாக இருக்கிறது.

லாரி ஒரு மணி நேரம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய விஷயம் கம்பெனிகளின் பின்பக்கம் இருக்கிறது. கழிவு நீர் வெளியேறும் பக்கம்.

தண்ணீருக்குச் சாட்சி சொல்லும் பெட்டி

பாலாற்றின் கதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். தோல் பதனிடும் கழிவு நிலத்திலும் ஆற்றிலும் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எல்லா மாணவர்களுக்கும் முதல் பாடம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அதில் அழுத்தமாகச் சொல்லப்பட்டது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை வேளாண் பல்கலைக்கழக ஆய்வை வைத்து நீதிமன்றம் பதிவு செய்தது. 2025 ஜனவரி 30-ல் இதே பாலாறு, இதே தோல் கழிவு தொடர்பாக உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு விரிவான தீர்ப்பு சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் கண்காணிப்புக்கு ஒரு குழுவும் வேண்டும் என்றது. நடுவில் ஏறத்தாழ 28 ஆண்டுகள்.

இந்த 28 ஆண்டுகளில் மாறிய ஒன்று, கண்காணிக்கும் விதம். முன்பு அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவார். 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தவேண்டும் என்று சொன்னது. அந்த 17-ல் தோல் பதனிடுதலும் உண்டு. ஒரு சொட்டுக்கூட வெளியே விடுவதில்லை என்று சொல்லும் ஆலைகளில் நீரின் அளவைக் காட்டும் மீட்டரும் நெட்வொர்க் கேமராவும் இருக்கவேண்டும். அவை இரவு பகலாக வாரியத்தின் சர்வருக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

மீட்டரும் கேமராவும் நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் ஒரு எண் வேண்டும். இங்கேதான் ஸ்விட்ச் விவகாரம் ஆற்று விவகாரம் ஆகிறது.

கேமராவை மாட்ட வந்தவர் அவசரத்தில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று விட்டுவிட்டுப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 192.168.1.64 கிடைத்தது. படத்தை எடுத்து அனுப்பும் கம்ப்யூட்டரிலும் 64 என்று எழுதிவைத்தார். பல மாதம் நன்றாக ஓடியது. ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தது. பல பெட்டிகளில் எண் கொடுத்த நோட்டு தற்காலிக நினைவில் மட்டுமே இருக்கும். கரண்ட் போனால் நோட்டும் போச்சு. மறுபடி விழித்தவர்களில் யார் முந்தினார்களோ அவர்களுக்குச் சாவி. கேமராவுக்கு இப்போது 71. பழைய 64 யாரோ ஒருவரின் போனுக்கு. அனுப்பும் கம்ப்யூட்டர் விசுவாசமாக 64-ஐயே தட்டிக்கொண்டிருக்கிறது. திரை கறுப்பு.

ஆலைக்குள் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பம்பு ஓடுகிறது, சவ்வூடு வடிகட்டி ஓடுகிறது, தண்ணீர் ஒழுங்காகத்தான் இருக்கிறது. வாரியத்தின் திரையில் மட்டும் ஒரு ஓட்டை. அந்த ராத்திரி நிஜமாகவே தண்ணீர் சுத்தமாக இருந்ததா, யாராவது வயரைப் பிடுங்கிவிட்டு வால்வைத் திறந்தார்களா? கறுப்புத் திரை இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். நேர்மையாக நடத்துகிறவர் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். திருட்டுத்தனம் செய்கிறவருக்கு ‘நெட்வொர்க் பிராப்ளம் சார்’ என்ற வசதியான சாக்கு கிடைக்கும். கீழ்ப்பக்கத்துக் கிணற்றுக்காரருக்கு எதை நம்புவது என்று தெரியாது. சாதாரண எண் குளறுபடிகளே இல்லாமல் செய்துவிட்டால், அந்தச் சாக்கின் மதிப்பு நிறையக் குறைந்துபோகும்.

என்னதான் செய்வது?

முதல் வேலை ஸ்விட்ச்சைத் தொடுவது இல்லை. ஒரு தாளும் பேனாவும். கட்டடத்தைச் சுற்றிவந்து என்னென்ன கருவி எந்த ஓட்டையில் என்று எழுதவேண்டும். அலுப்பான வேலை. இதைச் செய்யாமல் நேராக செட்டிங்கில் குதிப்பவர்கள்தான் பிறகு ராத்திரி பதினோரு மணிக்கு ஏணியில் நிற்கிறார்கள்.

அடுத்தது பிரித்து வைப்பது. ஒரே ஸ்விட்ச்சுக்குள் பல தனித்தனி வீடுகளைக் கட்டலாம். அதற்கு விலான் என்று பெயர். அலுவலகத்துக்கு 10, மெஷின்களுக்கு 20, கேமராவுக்கும் கழிவுநீர் மீட்டருக்கும் 30, விருந்தினர் வைஃபைக்கு 40 என்று எண் கொடுத்தால், முகவரியையும் அதே கணக்கில் வைக்கலாம்: 192.168.10, 192.168.20, 192.168.30, 192.168.40. முகவரியைப் பார்த்ததும் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டிலும் 254 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 1 என்ற எண்ணை ஸ்விட்ச்சே வாசல்படியாக வைத்துக்கொள்ளும்.

இனி மேனேஜருக்கு உத்தரவு. லாட்ஜிலும் முதலாளி இதைத்தான் முதலில் சொல்வார்: ‘முதல் மாடியை யாருக்கும் வாடகைக்கு விடாதே, அது நம்ம ஆளுங்களுக்கு.’ ஸ்விட்ச்சிலும் அப்படியே, 1 முதல் 50 வரை யாருக்கும் கொடுக்காதே என்று விலக்கு எழுதவேண்டும். கையால் எண் போட்ட பிரிண்டரும் வருகைப் பதிவு மெஷினும் அந்த 50-க்குள் இருக்கவேண்டும். இதை மறந்தால், விரல் வைக்கும் மெஷினின் எண்ணையே யாரோ ஒருவரின் லேப்டாப்புக்கு மேனேஜர் தூக்கிக் கொடுத்துவிடக்கூடும். மெஷினுக்குள் பதிவு இருக்கும். சம்பளக் கணக்குக்குப் போய்ச் சேராது. மாதக் கடைசியில் ‘நான் வந்தேன் சார்’ என்று ஒரு பெண் நின்று வாதாடவேண்டி வரும்.

விலக்கு எழுதிய பிறகு மிச்ச எண்களுக்குக் குளம் ஒன்றைத் திறக்கவேண்டும். எந்த வீடு, வாசல்படி எது, பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டி.என்.எஸ். எது, எத்தனை நேரத்துக்குக் கடன் என்ற நாலு விவரம் போதும். நேரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அலுவலகத்துக்கு ஒரு நாள் கொடுக்கலாம். விருந்தினர் வைஃபைக்கு ஒரு நாள் கொடுத்தால், காலையில் பத்து நிமிடம் வந்துபோன லாரி டிரைவரின் போன் மறுநாள் காலை வரை அறையைப் பூட்டி வைத்திருக்கும். அங்கே இரண்டு மணி நேரம் போதும்.

கேமராவுக்கும் மீட்டருக்கும்? இரண்டு வழி இருக்கிறது. கையால் நிலையான எண் போடலாம். அல்லது மேனேஜரிடமே ‘இந்த முகம் வந்தால் எப்போதும் இந்த அறை’ என்று எழுதிவைக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் பிறவியிலேயே மேக் முகவரி என்று 12 எழுத்து அடையாளம் உண்டு. பெரும்பாலும் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அதை எழுதி எண்ணை முன்பதிவு செய்துவிட்டால், கரண்ட் எத்தனை முறை போனாலும் அந்த எண்தான். இரண்டில் இந்த இரண்டாவது வழியே மேல். எல்லா விவரமும் ஒரே நோட்டில் இருக்கும், ஏணி ஏறவேண்டியதில்லை. போன்களுக்கு மட்டும் இது சரிப்படாமல் போகலாம். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகும் ஐஓஎஸ் 14-க்குப் பிறகும் போன்கள் வைஃபைக்கு வைஃபை வேறு மேக் முகவரியைக் காட்டுகின்றன. உங்களைப் பின்தொடராமல் இருக்க அந்த முகமூடி.

கடைசியாக வாசல் காவல். அந்தச் சூப்பர்வைசரின் ரவுட்டர் ஞாபகம் இருக்கிறதா? மேனேஜ்டு ஸ்விட்ச்சுகள் பலவற்றில் டி.ஹெச்.சி.பி. ஸ்னூப்பிங் என்று ஒரு வசதி உண்டு. மேனேஜர் எந்த ஓட்டையின் பக்கம் இருக்கிறார் என்று சொல்லிவிட்டால், மற்ற ஓட்டைகளிலிருந்து வரும் ‘நான்தான் மேனேஜர்’ என்ற குரலை ஸ்விட்ச் விழுங்கிவிடும். மாடி ஸ்விட்ச்சுகளில் இதைப் போடும்போது வரிசை முக்கியம். மேனேஜரிடமிருந்து வரும் கேபிளை முதலில் நம்பகமான ஓட்டை என்று குறித்துவிட்டு, அதன்பிறகே காவலைத் தொடங்கவேண்டும். மாற்றிச் செய்தால் உண்மையான மேனேஜரின் வாயையும் அது பொத்திவிடும். மாடியில் யாருக்கும் புது எண் கிடைக்காது. அனுபவசாலிகளே தடுக்கிவிழும் இடம் இது.

வீட்டில் பழைய ரவுட்டரை மாடிக்கு வைஃபை நீட்டப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அதன் செட்டிங்கில் டி.ஹெச்.சி.பி.யை அணைத்து, கீழே இருக்கும் ரவுட்டரின் எண்ணோடு மோதாத ஒரு எண்ணை அதற்குக் கொடுங்கள். கேபிளை வான் என்ற தனி ஓட்டையில் செருகாமல், லான் ஓட்டைகளில் ஒன்றில் செருகுங்கள். வீட்டுக்கும் ஒரு மேனேஜர் போதும்.

கோளாறு வந்தால் யாரைத் திட்டுவது என்று எண்ணைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். கம்ப்யூட்டர் 169.254 என்று ஆரம்பிக்கும் எண்ணைக் காட்டினால் மேனேஜரே கிடைக்கவில்லை. அது தானாக ஒரு எண்ணைச் சூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கேபிளையும் ஸ்விட்ச்சையும் பாருங்கள். எல்லோரும் 192.168.20-ல் இருக்க, ஒருவர் மட்டும் 192.168.0-ல் இருந்தால் எங்கேயோ போலி மேனேஜர். போனில் ‘ஐ.பி. முகவரி பெறப்படுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருந்தால் குளம் வற்றியிருக்கலாம்.

எல்லாம் முடித்துவிட்டு, சேமிக்காமல் எழுந்து போகிறவர்கள் நிறைய. பல ஸ்விட்ச்சுகளில் நீங்கள் செய்த மாற்றம் உடனே வேலை செய்யும். ஆனால் சேவ் செய்தால்தான் நிலைக்கும். இல்லையென்றால் அடுத்த மின்வெட்டில் மேனேஜருக்குக் கொடுத்த எல்லா உத்தரவும் காற்றில். அதனால் சேமித்துவிட்டு, இரண்டாவது ஷிஃப்ட் பஸ் வருவதற்குள், மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஸ்விட்ச்சின் பிளக்கைத் தைரியமாக ஒருமுறை பிடுங்கிப் பார்க்கவேண்டும். மறுபடி செருகியதும் மூன்று நான்கு நிமிடம் ஆகும். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக வரும். கழிவுநீர்ப் பக்கத்துக் கேமரா எந்த எண்ணோடு திரும்பி வருகிறது என்று பாருங்கள்.